கழுவிய தண்ணீரில் கிடைத்தது

ஜூன் 3, செவ்வாய்

மேடம் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். எங்கள் லேப்பை நடத்துகிற டாக்டர் விசாலாட்சி கதவைச் சாத்தச் சொன்னால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். எனக்குத்தான் என்று நினைத்து, போன வாரம் உடைத்த பிப்பெட் வரைக்கும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எனக்கில்லை, இதே லேப்பில் என்னோடு ஆராய்ச்சி செய்கிற ஆல்வினுக்கு.

அவனுடைய தீசிஸில் இருக்கும் முக்கியமான படத்தை வெளியூர் லேப் ஒன்று திரும்பச் செய்து பார்த்திருக்கிறது. வரவில்லை. மேடமே ஒரு முறை செய்து பார்த்திருக்கிறார். அதுவும் வரவில்லை. கமிட்டியில் ஒருவர், "படத்தையே ஜோடிச்சிருப்பாரோ?" என்று கேட்டுவிட்டாராம். விசாரணை முடியும்வரை லேப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிவிட்டான்.

"நீ செஞ்சு பாரு பூங்கோதை. இந்த லேப்ல உன் கைதான் சுத்தம். நீ செஞ்சும் வரலைன்னா அப்புறம் யோசிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. தீசிஸ் ரத்துதான்."

"அவருகிட்ட ஏதாச்சும் கேக்கோணும்னா மேடம்?"

"கேக்கக் கூடாது. முடியற வரைக்கும் ரெண்டு பேரும் பேசவே கூடாது. கமிட்டி அப்படித்தான் சொல்லியிருக்கு."

எனக்கும் ஆல்வினுக்கும் ஆகாது என்பது லேப் முழுக்கத் தெரியும். அதனால்தான் என்னைப் பிடித்தார்கள் போலிருக்கிறது. நேரில் 'நீங்க, வாங்க' என்று பேசுவேன், எங்கள் கோயமுத்தூர்ப் பழக்கம் அப்படி. இங்கே அவன்தான். டைரிக்கு எதற்கு மரியாதை? சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. ஹாஸ்டல் சாம்பார் அப்படி.

ஜூன் 6, வெள்ளி

அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். எனக்கும் தெளிவாகும்.

சின்னக் குழந்தைகளுக்கு நரம்பு செல்களில் வருகிற ஒரு கட்டி, நியூரோபிளாஸ்டோமா. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையின் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் எங்களிடம் இருக்கின்றன. எந்தக் குழந்தை என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஒரே கட்டிதான், ஆனால் செல் மூன்று ரகம். உருண்டை ரகம் நூல் விட்டுக்கொண்டு கொத்துக் கொத்தாக இருக்கும். தட்டை ரகம் செல் வளர்க்கிற ஃபிளாஸ்க்கின் அடியில் அப்பிக்கொண்டு கிடக்கும். மூன்றாவது இரண்டுங்கெட்டான். ஒன்று இன்னொன்றாக மாறவும் செய்யும் என்பதால், உருண்டை வளர்க்கிற ஃபிளாஸ்க்கிலும் கொஞ்சம் தட்டை எப்போதும் இருக்கும்.

கட்டியைக் கண்டபடி வளர வைப்பது என்-மிக் என்கிற மரபணு. மூன்று ரகத்திலும் அது எக்கச்சக்கமாக, ஒரே அளவில் இருக்கிறது. ஆனால் மரபணு இருந்தால் போதாது, அதிலிருந்து புரதம் உருவாக வேண்டும். ஆட்டம் போடுவது புரதம்தான். ஆல்வின் சொல்வது இதுதான்: உருண்டையில் அந்தப் புரதம் கொட்டிக் கிடக்கிறது, இரண்டுங்கெட்டானில் நிறைய இருக்கிறது, தட்டையில் ஏறக்குறைய இல்லை. இது உண்மையென்றால் எந்த ரகத்தை எந்த மருந்தால் அடிப்பது என்று யோசிக்கலாம். பொய்யென்றால் இதை நம்பி வேலை செய்கிறவர்கள் எல்லாரும் தப்பான செல்லைத் துரத்திக்கொண்டிருப்பார்கள்.

பார்க்கிற விதம் லேசானது. செல்லைக் கரைத்து, ஜெல்லில் ஓட்டி, காகிதம் போன்ற ஒரு சவ்வுக்கு மாற்றினால், புரதம் இருக்கிற இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். கோடு கறுத்தால் புரதம் அதிகம். ஒரு மனுஷனுடைய ஐந்து வருஷம் இப்போது அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

செல்களை எடுக்கும் முன் உப்புக் கரைசல் ஊற்றி மூன்று முறை கழுவினேன். மற்றவர்கள் இரண்டு முறை, நான் மூன்று. ஹூட் என்கிற கண்ணாடிக் கூண்டுக்கு மேலே 'மூன்று முறை கழுவு' என்று எழுதி ஒட்டியவளும் நானே. கழுவிய தண்ணீரைப் பம்ப் உறிஞ்சி பிளீச்சிங் பாட்டிலுக்குள் தள்ளிவிடும். பிறகு டிரிப்சின் விட்டால் ஒட்டியிருக்கிற செல்கள் கழன்று வரும். சுத்தமான வேலை.

ஆல்வின் செய்வதைப் பார்த்தால் வயிறு எரியும். ஃபிளாஸ்க்கைக் கையில் எடுத்து, உள்ளங்கையால் பட் பட்டென்று கன்னத்தில் அறைகிற மாதிரி தட்டுவான். டிரிப்சினை எதற்குக் கண்டுபிடித்தார்களாம்? "எதுக்குங்க அதைப் போட்டு அடிக்கறீங்க?" என்று கேட்டால், "செல்லமா தட்டுதேன், அழவா செய்யுது?" என்பான். ஹூட்டில் வேலை முடித்த கையோடு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பவன். இவன் எடுத்த படம் எப்படிச் சரியாக இருக்கும்?

ஒரு எரிச்சல். உருண்டை ஃபிளாஸ்க்கில் செல் ரொம்பக் குறைவாகவே கிடைக்கிறது. நான்கைச் சேர்த்தால்தான் ஒரு சாம்பிளுக்கு ஆகிறது.

ஜூன் 16, திங்கள்

ஆல்வினுடைய செல்களுக்கும் நானே மீடியம், அதாவது செல்லுக்குச் சாப்பாடாகிற கரைசல், மாற்றினேன். வீணாகப் போகக் கூடாதே என்றுதான்.

ஜூன் 20, வெள்ளி

முதல் படம். உருண்டையில் கோடே இல்லை. உற்றுப் பார்த்தால் பென்சிலால் இழுத்து அழித்த மாதிரி ஏதோ ஒன்று. தட்டையிலும் அதே கதி. இரண்டுங்கெட்டானில் மட்டும் லேசாக.

மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "இன்னொரு தடவை செய்" என்றார். நான் ஜெயித்த மாதிரி உணர வேண்டும். கோட்டைக் காட்டிக்கொடுக்கிற ஆன்டிபாடி பழசோ என்று பாட்டிலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா போன். ஈரோட்டுப் பையன், பேங்க் வேலை, போட்டோ அனுப்பியிருக்கிறாள்.

"பாத்தியா கண்ணு?"

"பாத்தேன். சட்டை நல்லா தேச்சிருக்காரு."

"சட்டையவா பாக்கச் சொன்னேன்? உன்ர வயசுக்கு நான்..."

"ஜூலை முடியட்டும்மா. இங்க ஒருத்தரோட படிப்பே போயிருமாட்ட இருக்குது."

"ஆரோட படிப்பு? அந்தத் தூத்துக்குடிப் பையனா?"

நான் எப்போது அம்மாவிடம் ஆல்வினைப் பற்றிச் சொன்னேன் என்று நினைவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

புது ஆன்டிபாடி, புது பஃபர், புது ஜெல். நான்கு முறை கழுவினேன்.

உருண்டையில் அந்தப் பென்சில் கோடுகூட இல்லை. போன தடவையைவிட மோசம். நான் இன்னும் கவனமாகச் செய்யச் செய்ய அவன் இன்னும் பொய்யனாகிறான்.

ஜூலை 1, செவ்வாய்

கமிட்டி பதினெட்டாம் தேதி கூடுகிறது. அதற்குள் நான் எழுதிக் கொடுக்க வேண்டும்: வருகிறது, அல்லது வரவில்லை.

லேப்பில் ஆல்வினுடைய ஸ்டூலை யாரோ இழுத்துப்போட்டுப் பெட்டி அடுக்கியிருந்தார்கள். பெட்டிகளை இறக்கிவிட்டு ஸ்டூலைப் பழைய இடத்தில் போட்டேன். நடைபாதையில் கிடந்தால் யாராவது தடுக்கி விழுவார்கள்.

ஐந்து வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட மோசமான படத்தை ஒளித்ததில்லை. வராத படத்தைத்தான் எல்லாருக்கும் முதலில் காட்டிச் சிரிப்பான். ஜோடிக்கிறவன் அப்படிச் செய்வானா? எனக்குப் பிடிக்காதவன் என்பது வேறு, பொய்யன் என்பது வேறு. பேசக் கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். கோபம் கோபமாக வருகிறது.

ஜூலை 3, வியாழன்

பம்ப் கெட்டுப்போய்விட்டது. சத்தம் மட்டும் போடுகிறது, ஒரு சொட்டு இழுக்கவில்லை. கம்பெனிக்காரனுக்குப் போன் செய்தால் திங்கட்கிழமை பார்க்கலாம் என்கிறான். வாய்க்கு வந்தபடி திட்டினேன், மனசுக்குள்.

ஜூலை 4, வெள்ளி

நிதானமாக எழுதுகிறேன்.

பம்ப் இல்லாததால், உருண்டை ஃபிளாஸ்க்கைக் கழுவிய தண்ணீரைக் கையாலேயே பிப்பெட்டில் எடுத்து ஒரு டியூப்பில் ஊற்றிக்கொண்டே வந்தேன். பிளீச்சிங் அப்புறம் ஊற்றிக்கொள்ளலாம் என்று ஸ்டாண்டில் நிறுத்திவிட்டேன். நடுவில் மேடம் கூப்பிட்டார். அப்படியே சாப்பாட்டுக்கும் போய்விட்டேன். திரும்பி வந்தால் டியூப்பின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு. கஞ்சி வடித்த மாதிரி திட்டாக உட்கார்ந்திருக்கிறது.

கிருமி வந்துவிட்டது என்று நினைத்தேன். என் ஃபிளாஸ்க்கில், என் கையில், கிருமியா? அவமானமாகப் போயிற்று. யாரும் பார்க்கும் முன் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

கிருமி இல்லை. செல்கள். எல்லாம் உருண்டை.

எங்கள் லேப்பில் சேர்ந்த முதல் நாளே மேடம் சொல்லிக்கொடுப்பது, மிதக்கிற செல் செத்த செல், கழுவித் தள்ளு என்று. செத்த செல்லுக்குள் மட்டும் நுழைகிற ஒரு நீலச் சாயம் உண்டு. அதை ஒரு சொட்டு விட்டேன். எல்லாம் நீலமாகும் என்று காத்திருந்தேன். நீலம் சுற்றிலும் நின்றது. உள்ளே ஒன்றிரண்டில் மட்டும்தான் போனது. மற்றதெல்லாம் பளிச்சென்று, கண்ணாடி மணி போல, உயிரோடு.

கழுவி முடித்த ஃபிளாஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். கழுவும் முன் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். கழுவிய பிறகு பார்த்ததே இல்லை. உருண்டை ஃபிளாஸ்க்கில் உருண்டையே இல்லை! அடியில் அப்பிக்கொண்டிருக்கிற தட்டை செல்கள் மட்டும், அங்கங்கே.

இத்தனை நாளும் 'உருண்டை' என்று பெயர் எழுதி நான் ஓட்டியது தட்டையைத்தான். உருண்டை லேசாகத்தான் ஒட்டியிருக்கும். ஒரு தண்ணீரில் பாதி போகும், மூன்று தண்ணீரில் மொத்தமும். எங்கள் ஊரில் அரிசி கழுவிய தண்ணீரைக்கூடக் கொட்ட மாட்டார்கள், எருமைத் தொட்டிக்குப் போகும். நான் ஒரு மாதமாகப் பதிலைத் தூக்கிப் பிளீச்சிங் பாட்டிலில் ஊற்றிவிட்டு, பதில் இல்லை என்று படம் காட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் தட்டுவான். தட்டினால் உருண்டை உதிரும். உதிர்ந்ததை அப்படியே டியூப்பில் வாரிக்கொள்வான். மடையன், அதை ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

டியூப்பில் இருந்ததில் பாதியைப் புது ஃபிளாஸ்க்கில் விட்டு, மீடியம் ஊற்றி இன்குபேட்டரில் வைத்திருக்கிறேன். மீதிப் பாதி ஐஸில்.

ஜூலை 5, சனி

நூல் விட்டிருக்கின்றன! கழுவித் தள்ளிய செல்கள் புது ஃபிளாஸ்க்கில் உட்கார்ந்து, கொத்துக் கொத்தாக நூல் விட்டிருக்கின்றன. போட்டோ எடுத்தேன். செல் வளர்க்கிற கல்ச்சர் ரூமில் ஆளில்லை, இரண்டு குதி குதித்தேன். அதற்குமேல் இடமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

கோடு விழுந்தது. கழுவிய தண்ணீரில் இருந்த செல்லில், மையில் விரலை முக்கி இழுத்த மாதிரி ஒரு கோடு.

ஜூலை 9, புதன்

மேடத்திடம் போனேன். முழுவதையும் சொன்னேன், பம்ப் கெட்டதிலிருந்து. அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஆல்வின்கிட்ட பேசினியா?"

"இல்லீங்க மேடம். பேசோணும்னு தோணுச்சு. பேசலை."

"உனக்கு அவன் மேல பரிதாபம் வந்துருச்சுன்னு கமிட்டியில சொல்லுவாங்க."

"பரிதாபமெல்லாம் இல்லீங்க மேடம். அவரு தட்டறது எனக்கு இப்பவும் புடிக்காது."

மேடம் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு சொன்னார், "ஒரு தடவை வந்தா வேடிக்கை. நான் டியூப்புக்கு நம்பர் போடறேன். எது எதுன்னு உனக்குத் தெரியக் கூடாது. ஓட்டிக் காட்டு."

ஓட்டுகிறேன். நம்பர் என்ன, கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுகிறேன்.

ஜூலை 12, சனி

மேடமே கோட் மாட்டிக்கொண்டு கல்ச்சர் ரூமுக்கு வந்தார். நான் இருக்கும்போது அவர் அங்கே உட்கார்ந்ததில்லை. ஒரு உருண்டை ஃபிளாஸ்க்கை என் முறையில் கழுவி எடுத்தார். கழுவிய தண்ணீரைத் தனியாகச் சேர்த்தார். இன்னொன்றைக் கழுவாமல் தட்டி எடுத்தார். முதல் தட்டு அவருக்கு வரவில்லை, கூச்சமாகத் தட்டினார். "நல்லா அடிங்க மேடம்" என்றேன். அடித்தார். பால் மாதிரி உதிர்ந்தது. தட்டை ரகமும் இரண்டுங்கெட்டானும் தனித்தனியாக. பிறகு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு நம்பர் ஒட்டினார்.

ஜூலை 15, செவ்வாய்

படம் எடுக்கிற இருட்டறையில் மேடமும் நானும். திரையில் முதலில் ஒன்றுமில்லை. மேடம் மூச்சு விடுவது கேட்டது. பிறகு ஒன்று, அப்புறம் பக்கத்தில் ஒன்று, அப்புறம் ஓரத்தில் ஒன்று என்று கோடுகள் கறுத்துக்கொண்டே வந்தன.

மேடம் பையிலிருந்து சீட்டை எடுத்துப் படித்தார். "மூணாம் நம்பர், தட்டினது." கறுப்பு. "அஞ்சு, இரண்டுங்கெட்டான்." கறுப்பு, கொஞ்சம் கம்மி. "ஒண்ணு, தட்டை." வெறுமை. "நாலு, மூணு தடவை கழுவினது." வெறுமை. கடைசியாக, "ரெண்டு. கழுவுன தண்ணி."

எல்லாவற்றிலும் கறுப்பு அதுதான்.

மேடம் அந்தச் சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வெளியூர் லேப்புக்கும் நான்தான் இந்தக் கழுவற முறையை எழுதி அனுப்பினேன்" என்றார். வெளியே வந்ததும் என்னை டீ குடிக்கக் கூட்டிப்போனார். சர்க்கரை போட்டுக்கொள்ளாதவர், இன்று போட்டுக்கொண்டார்.

ஜூலை 18, வெள்ளி

கமிட்டி. மூன்று பேர். பெங்களூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர்தான் ஜோடித்திருப்பாரோ என்று கேட்டவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஃபைலை மூடியே வைத்திருந்தார், முடிவு செய்துவிட்டவர் போல.

வராத படங்களைத்தான் முதலில் போட்டேன். அது அவனுடைய வழக்கம், ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டேன். பிறகு வந்த படம். அந்தப் பேராசிரியர் விடவில்லை.

"தண்ணியில மிதக்கிறது செத்துப்போன செல்லும்மா. செத்த செல்லுல வர்ற கோட்டை எப்படி நம்பறது?"

"செத்த செல் நூல் விடுமாங்க சார்?" என்று கேட்டு, ஐந்தாம் தேதி எடுத்த போட்டோவைப் போட்டேன். பிறகு அதே ஃபிளாஸ்க் இப்போது எப்படி இருக்கிறது என்று போட்டேன். இடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. அவர் முன்னால் குனிந்து பார்த்தார். ஃபைலைத் திறந்தார். பேனாவை எடுத்தார்.

மேடம் எழுந்து நின்றார். "மிதக்கறது செத்ததுங்கறது நான் சொல்லிக்கொடுத்த பாடம். என் மாணவன் சரியாச் செஞ்சிருக்கான். நாங்கதான் அவன் பதிலைக் கழுவி ஊத்திட்டு அவனைச் சந்தேகப்பட்டிருக்கோம். இதை அப்படியே எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். தீசிஸ் நிற்கிறது. எந்த ரகம் எப்படி உதிர்கிறது, உதிர்வதில் எவ்வளவு புரதம் என்பது தனிக் கட்டுரையாக வர வேண்டும் என்று அந்தப் பெங்களூர்க்காரரே சொன்னார்.

மேடம் அங்கேயே போனை மேஜையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆல்வினைக் கூப்பிட்டார். பின்னால் கடகடவென்று சத்தம். "மேடம், சித்தப்பா ஐஸ் ஃபேக்டரில நிக்கேன். கேக்கா?"

"கேக்குது. உன் கோடு வந்துருச்சு ஆல்வின். லேப்புக்கு வந்துரு."

கடகடச் சத்தம் தேய்ந்தது, வெளியே வந்துவிட்டான் போல. பிறகு, "யாரு செஞ்சா மேடம்?"

"பூங்கோதை."

"அவ செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். சொல்லியே விடுகிறேன், எனக்குச் சந்தோஷம். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஜெயித்துவிட்டோம்.

ஜூலை 20, ஞாயிறு

ஹூட்டுக்கு மேலே இருந்த 'மூன்று முறை கழுவு' காகிதத்தைக் கிழித்தேன். பசை போகவில்லை, சுரண்டி எடுத்தேன். புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'கொட்டும் முன் பார்.'

ஈரோட்டுப் பையன் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். சட்டையை ரொம்பத் தேய்க்கிறார் என்றேன்.

ஜூலை 21, திங்கள்

வந்துவிட்டான். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக, தோளில் பையோடு, தூசியோடு. கேன்டீன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் அதிகமில்லை, அதனால் நின்றேன்.

"இளைச்சிட்டீங்க" என்றேன்.

"நீதான் இளைச்சிருக்க. என் செல்லுக்குச் சோறு போட்டியாமே, மேடம் சொன்னாங்க."

"வீணாப் போயிருமேன்னுதான். ஏனுங்க, தட்டித்தான் எடுக்கோணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எல்லாரும் அப்படித்தான எடுப்பாங்கன்னு நெனச்சேன். வந்துச்சா வரலியான்னுதான் கேட்டாங்க. எப்படி எடுத்தன்னு யாரும் கேக்கலியே." "நீ மட்டும்தான் கேப்ப, எதுக்குங்க போட்டு அடிக்கறீங்கன்னு. அதுவும் ஏசுறதுக்கு."

இனிமேலும் ஏசுவேன் என்றேன். ஏசு என்றான்.

பையைத் துழாவி ஒரு டப்பாவை எடுத்தான். தூத்துக்குடி மக்ரூன். மூடி இறுகியிருந்ததால் தன் வழக்கப்படி உள்ளங்கையால் அடியில் ஒரு தட்டுத் தட்டித் திறந்தான். பஸ் கம்பியைப் பிடித்த கை, ராத்திரி முழுக்க எதையெல்லாமோ தொட்ட கை. அந்தக் கையாலேயே ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான்.

கை கழுவுகிற குழாய் பக்கத்திலேயேதான் இருந்தது. வாங்கித் தின்றேன்.